கைநாட்டு

"அப்பா, கையை எடுங்க. அது சாட்சியம்."

காரின் பின்கதவருகே குந்தி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

"சாட்சியமாவது, மண்ணாவது. விரல் நீளக் கீறல். நகத்தை ஓட்டிப் பாரு. மாட்டலைன்னா பாலிஷ் போதும். மாட்டினா ரெண்டு சொட்டு பெயிண்ட். ஒர்க்‌ஷாப்புக்குப் போனா கதவைக் கழட்டி வச்சிக்கிட்டு ஒரு வாரம் இழுப்பான்."

வக்கீல் நகத்தை ஓட்டினாள். மாட்டியது. வெள்ளி நிறக் கதவில் ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன நிறம்?"

"வெயில்ல அப்படித் தெரியும்."

"மாடி வீட்டு டெய்லர் அங்கிளோட ஸ்கூட்டர் என்ன நிறம்?"

அப்பா உப்புத்தாளை மறுபடி நனைத்தார். அது ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது.

"போனாப் போகுது விடும்மா. பத்து நிமிஷத்துல நானே சரிபண்ணிடறேன்."

"தப்பு பண்றவங்களைவிட, போனாப் போகுதுன்னு துடைச்சு விடறவங்கதான் ஆபத்து. அது சரி, ஒரு கீறலுக்கு எதுக்கு ரெண்டு பிரஷ்?"

"ஒண்ணுல முடி கொட்டுது."

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வியாழக்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டது யாரு?"

"நான்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு உள்ள வந்தேன்."

"போன்ல கத்திக்கிட்டே."

"கத்தலைம்மா, வாதம் பண்ணினேன். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி. 'தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்வது'தான் தலைப்பு."

"லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆகலை. அன்னைக்கே சொல்லியிருக்கேன். ஒரு கீறல் விழுந்தாலும் சாவி பீரோவுக்குள்ள."

"இது என் கீறல் இல்லை. நிரூபிக்கிறேன் பாரு."

சாவி பீரோவுக்குள் போனால் மறுபடியும் ஆறே முக்கால் பஸ். படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். வக்கீல் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள்.

டெய்லர் இறங்கி வந்தார். விடுமுறை நாளிலும் அளவுநாடா அவர் கழுத்தை விட்டு இறங்காது. குற்றச்சாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேண்ட்டுக்கு அளவெடுப்பதுபோலக் குனிந்து, தரையிலிருந்து கீறல்வரை நாடாவைப் பிடித்தார்.

"முப்பது அங்குலம்."

தன் சிவப்பு ஸ்கூட்டர் அருகே போனார்.

"ஹேண்டில் முப்பத்தெட்டு. முப்பதுல சீட்டுதான் இருக்கு பாப்பா. சீட்டு கறுப்பு."

"ஸ்டாண்ட் போடும்போது வண்டி சாயும் அங்கிள். சாஞ்சா முப்பத்தெட்டு முப்பதாகும்."

"நனைச்ச துணிகூட எட்டு அங்குலம் சுருங்காதே."

"துணி சாட்சி சொல்லாது. சிவப்பு சொல்லும்."

டெய்லர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார். காரைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். கேட்டின் நடுவில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா காதுமடலைச் சொறிந்தார்.

"யோசிச்சுப் பாத்தா," டெய்லர் தொண்டையைச் செருமினார், "நம்ம வண்டி கொஞ்சம் சாயுற வண்டிதான்."

"சார், அதெல்லாம் வேண்டாம், விடுங்க..." அப்பா பதறி எழுந்தார்.

"நீங்க குறுக்க பேசாதீங்கப்பா. அங்கிள், எழுதிக் கொடுங்க. எங்க அம்மாவுக்கு ஆதாரம் வேணும்."

கடிதத்தை அவளே எழுதினாள், கார் பானெட்டின்மேல் வைத்து. 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கி 'இனி நேராது' என்பதுவரை ஒன்பது வரி. நடுவில் ஒரு சட்டப்பிரிவுகூட வந்தது.

"கைநாட்டு வச்சாப் போதுமா பாப்பா?"

"எழுதத் தெரிஞ்சவங்க கையெழுத்துதான் போடணும் அங்கிள்."

போட்டார். பாவம், சிரிப்பை அடக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்.

ஜெயித்தவளுக்கு மனசு தாராளமாகிவிட்டது. நூல் வாங்கக் கிளம்பிய டெய்லர் ஸ்கூட்டரை உருட்டி வர, "இருங்க அங்கிள், நான் கேட்டைத் திறக்கறேன்" என்று முன்னால் போனாள்.

"நான் திறக்கறேன், நான் திறக்கறேன்" என்று பிரஷ்ஷோடு அப்பா ஓடி வருவதற்குள், கொண்டியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிவிட்டாள்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"கொடு அந்தக் கடுதாசியை. யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு நானும் பாக்கறேன்."

கொடுக்கப் போனவள் ஒரு தடவை அதைப் பார்த்தாள்.

டெய்லரின் கையெழுத்துக்குக் கீழே, ரேகை ரேகையாக, ஈரம் மின்ன ஒரு சிவப்புக் கைநாட்டு. அவளுடையது.

கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். கொண்டியில் பழைய சிவப்பின்மேல் புதுச் சிவப்பு. தரையிலிருந்து முப்பது அங்குலம் இருக்கும். பிரஷ் எட்டாத அடி ஓரத்தில் மட்டும் காரின் வெள்ளி நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா இரண்டாவது பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, வக்கீல் வாயடைச்சு நிக்குது?" என்றாள் அம்மா.

கடிதத்தோடு கார் சாவியையும் சேர்த்து நீட்டினாள் வக்கீல்.