நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

"என் வண்டிய எடுத்துக்கினு எங்க போயிருந்த?"

கோகிலவாணி போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பில் இருந்த குழந்தை தனுஷாகூட அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

மெக்கானிக் வீரமணி கார் சாவியை நீட்டினான். "ட்ரையல் பாத்தேன்க்கா."

"ஒரு பெட்ரோல் பம்ப் மாட்டறதுக்கு நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் ட்ரையலா? மீட்டரப் பாக்கத் தெரியாதவள்னு நெனச்சியா என்னை? நேத்து காலையில வுட்டுட்டுப் போனேன். சாயங்காலம் வந்தா வண்டியும் இல்ல, நீயும் இல்ல. போன் பண்ணா போவல!"

"டவர் இல்லக்கா."

"கள்ளக்குறிச்சிக்குள்ள டவர் இல்லியா? அரை டேங்க் பெட்ரோல் இருந்துச்சு, இப்ப முள்ளு தரையில கெடக்குது. பின்சீட்டு பூரா ஈரம், மணலு. இன்னா கூத்து இது?"

பைக்குக்கு ஆயில் மாற்ற வந்திருந்த சின்னதுரை சிரித்தார். "இது தெரியலியாம்மா? இந்த செவப்பு மாருதிய நேத்து மத்தியானம் நான் மலைப்பக்கம் பாத்தேன். ஃபால்ஸ்ல தண்ணி ஜாஸ்தியா வுழுதாம். தொர குளிச்சிட்டு வந்திருப்பாரு!"

"நெசமா வீரமணி?"

"மலைக்குத்தான்க்கா போனேன்" என்றான். ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

கோகிலவாணிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. அவள் பயம் அவளுக்குத்தானே தெரியும்.

மலைமேல் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். குழந்தைக்குக் காய்ச்சல் கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வந்துவிடும். அவசரத்துக்குக் கீழே இறங்க இந்தப் பழைய கார்தான் துணை. போன மாதம் மலை ஏறும்போது பெரிய வளைவில், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிட்டது. பால் பாட்டிலில் இருந்த தண்ணீரைத் துண்டில் நனைத்து பம்ப் மேல் சுற்றிவிட்டு, ஒன்றரை மணி நேரம் குழந்தையோடு ரோட்டோரம் நின்றாள்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் தமிழரசன் போனில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான். "இன்னொரு வாட்டி வண்டி நின்னுச்சின்னா, பாப்பா திருக்கோவிலூர்ல எங்கம்மாகிட்டதான் இருக்கும். நீ வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துக்க."

அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

"இந்த மாடலுக்குக் கம்பெனி பம்ப்பே வர்றதில்லக்கா. கரண்ட்ல ஓடற வெளிப் பம்ப் போட்டுடலாம்" என்று வீரமணிதான் தைரியம் சொன்னான். அவனை நம்பி வண்டியை விட்டால், ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்கிறான்!

"வெளிப் பம்ப்பு மலை ஏறுமாம்மா?" என்று சின்னதுரை வேறு இழுத்தார்.

கோகிலவாணி சாவியைப் பிடுங்கினாள். "இனிமே இந்தக் கடைப்பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டேன்."

வீரமணி தலையைக் குனிந்துகொண்டான்.

பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வண்டி தூங்குமா?" என்றது பின்சீட்டிலிருந்து குழந்தை. அன்று நின்றபோது, 'வண்டி தூங்குது' என்றுதான் அவள் சமாதானம் சொல்லியிருந்தாள்.

"தூங்காதுடி தங்கம்."

அதே பெரிய வளைவு. முன்னால் மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய், நட்டநடு வளைவில் நின்றேவிட்டது. அவளும் பிரேக்கை மிதித்தாள். மேட்டில் வண்டி. வெயில் வேறு. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது.

போச்சு. திருக்கோவிலூர்தான்.

லாரி நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை விட்டாள்.

ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. கார் குபுக்கென்று முன்னால் பாய்ந்தது! அடுத்த நேர் ரோட்டில் ஹாரனை அழுத்திக்கொண்டே லாரியைத் தாண்டினாள். டிரைவர் கையைக் காட்டி வழிவிட்டார்.

"தூங்கல! தூங்கல!" என்று குழந்தை கை தட்டியது.

"ஏறிட்டோம்டி! நீ எங்கயும் போவ வேணாம்டி!" கோகிலவாணி சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

மலை உச்சியில் பாவாடை அண்ணனின் டீக்கடை. அவள் காரை நிறுத்தியதும் பாவாடை அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நிக்கலியே? நடுவுல எங்கனா நின்னுச்சா?"

"நிக்கலண்ணே! ஆமா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து பூரா இந்த வண்டியோட மல்லுக்கட்டிக்கினு இருந்தானே வீரமணி! பின்சீட்டுல ரெண்டு ஈர மணல் மூட்டை. இன்னாடா, மணல் கடத்தறியான்னு கேட்டேன். நீங்க கொழந்தையும் சாமானுமா ஏறணுமே, அந்த வெயிட்டுக்காம்."

கோகிலவாணி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"மொத ரெண்டு வாட்டி அந்தப் பெரிய வளைவுலயே நின்னுபோச்சாம். இன்ஜின் சூட்டுகிட்ட பம்ப்ப வெச்சது தப்புன்னுட்டு, ரோட்டுலயே மல்லாக்கப் படுத்து கழட்டி, பின்னால டேங்க்குகிட்ட மாட்டினானாம். மூணாவது வாட்டி நிக்காம ஏறுச்சு. இங்க வந்து அவன் அடிச்ச விசில் இருக்குதே!"

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே..."

"நானும் அதான் கேட்டேன். 'ரெண்டு வாட்டி நின்னுச்சின்னு சொன்னா, அக்கா ஸ்டீயரிங்கத் தொடவே பயப்படும்ணே. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போவட்டும். நிக்கறதுன்னா வண்டி என் கையில நின்னு தொலையட்டும், புள்ளைய வெச்சிக்கினு அக்கா கையில நிக்கக்கூடாது'ன்னான்."