கடைசி நிறுத்தத்தில் இறங்கியவள்

அடுத்து அவள்தான் பேச வேண்டும்.

மேடையில் ஐந்து நாற்காலி. ஒரு பக்கம் துணைவேந்தர், மறுபக்கம் சாரின் மனைவி ரூபி அம்மா. நடுவில் அவள். எழுந்து ஓடுவதென்றால் யார் காலையாவது மிதித்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

மேடை ஓரத்தில் பேராசிரியர் தேவசகாயத்தின் படம். திறந்து மாலை போட்டாயிற்று. சார் போய் இன்றோடு முப்பது நாள்.

முப்பத்தைந்து வருடம் மனுஷர் ஒரே வேலையைத்தான் செய்தார். எந்த பஸ் எப்போது எங்கே போனால் கொஞ்ச டீசலில் நிறையப் பேர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வார். அந்தப் படிப்புக்கு ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்று பெயர்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பஸ்ஸை அடியோடு நிறுத்திவிடலாம் என்று கணக்கே சொன்னாலும் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். மாணவர் ஒருவர் அந்த பஸ்ஸில் கடைசிவரை போய், அதிலேயே திரும்பி வந்து, பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

மைக்கில் நின்றவர் அதைத்தான் முழங்கிக்கொண்டிருந்தார்.

"பதினேழு சி! ஆவுடைப்பட்டி பஸ்! விடியக்காலம் நாலே முக்காலுக்கு ஏறிப் போனாங்க நம்ம மேடம். கடைசி ஸ்டாப்ல இறங்கினது அவங்க ஒருத்தர்தான்!"

கைதட்டல். தட்டாமல் என்ன செய்வார்கள்? இருபத்தாறு வருடமாக சார் வகுப்புக்கு வகுப்பு சொன்ன கதை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற பரிசுக்கே 'கடைசி நிறுத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் போகவில்லை.

அவ்வளவுதான் விஷயம். அன்றைக்குத் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது மணி ஏழு. மறுநாள் போயிருக்கலாம். ஆய்வேட்டைக் கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. ஒரு மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று எண்ணியாயிற்று, அந்த பஸ்ஸில் மூன்று நாலு பேருக்கு மேல் ஏறியதே இல்லை. காலி பஸ்ஸில் போய் எதைப் பார்க்கப் போகிறோம் என்று கேன்டீனில் உட்கார்ந்து எழுதினாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியது நான் ஒருத்தி மட்டும்.

அதற்குக் கைதட்டல் வரும் என்று யார் கண்டது? வேலைக்கான நேர்காணலில் அந்தக் கதை. துறைத்தலைவர் ஆன அன்றைக்கும் அந்தக் கதை.

இப்போது உண்மையைச் சொன்னால் செத்துப்போன மனுஷரின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் பொய்யையே அஞ்சலியாகப் படிக்க வேண்டும். கையிலிருந்த தாளில் அதைத்தான் எழுதி வைத்திருந்தாள், பாவி.

ரூபி அம்மா அவள் பக்கம் சாய்ந்தார்.

"அந்த பஸ் கதையை நீ சொல்லிக் கேக்கணும்மா. அவரும் ஒருநா அதுல போனார், தெரியுமா?"

தெரியாது.

"நீ எழுதிக் குடுத்த மறுவாரம். போறப்ப காலிதானாம். திரும்பறப்ப முப்பது பொம்பளைங்க, பிச்சிப்பூக் கூடையோட ஏறியிருக்காங்க. நிக்க இடமில்லையாம். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே பூ மார்க்கெட்ல இறங்கிட்டாங்களாம். வீட்டுக்கு வந்தப்ப சட்டையெல்லாம் பூ வாசம். 'இந்தப் பிள்ளை பூவைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே ரூபி'ன்னார். அன்னைக்கே நிறுத்தற பட்டியல்ல இருந்து அந்த பஸ்ஸை எடுத்துட்டார்."

அதிகாரிகள் யாரோ மனசு வைத்து பஸ்ஸை விட்டுவைத்தார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

சாருக்குத் தெரியும்.

அந்த வாரத்திலிருந்தே தெரியும்!

கதையைச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அவள் பக்கம் திரும்புவார். "நான் எதையாவது விட்டுட்டேனாம்மா?" என்பார். "இல்ல சார்" என்பாள். பிறகு வேறு பேச்சுக்குப் போவார். மாணவியை மதித்துக் கேட்கிறார் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஆஸ்பத்திரியிலும் கேட்டார். மூக்கில் குழாயோடு, நர்ஸுக்குக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, அதே கேள்வி.

"இல்ல சார்."

மேடையிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. நேராகக் கேட்டுத் தொலைத்திருக்கலாமே சார். ஒரு அறை விட்டிருக்கலாமே.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எழுந்தாள். தாள் நாற்காலியிலேயே கிடந்தது. மைக் வரை ஆறே அடிதான்.

"நான் அந்த பஸ்ல ஏறவே இல்ல" என்றாள்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மேடத்துக்கு எப்போதுமே தன்னடக்கம் ஜாஸ்தி. துணைவேந்தர் தொடையைத் தட்டிச் சிரித்தார். யாரோ விசிலே அடித்தார்கள்.

இதோடு விட்டுவிடலாம். சொன்ன மாதிரியும் ஆயிற்று, தப்பித்த மாதிரியும் ஆயிற்று. நன்றி வணக்கம் என்று இரண்டு வார்த்தை போதும்.

திரும்பிப் பார்த்தாள்.

ரூபி அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

பிறகு மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை தேதியோடு.