ஒழுகுகிற ஜன்னல்

“உங்கப்பாவுக்கு இருக்கறது கையா, உலக்கையாடா பென்னோ?”

கீழ்வீட்டு ஐசலே அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார். எங்கள் ஓட்டுக் கூரையின் சரிவில் குட்டி வீடு மாதிரி துருத்திக்கொண்டு ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் ஓரத்தில் அப்பா பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவைதான் ஏறி இறங்குவார்?”

“எண்றதை விட்டாச்சு” என்றேன்.

“ஸ்வாபியனாப் பொறந்துட்டு சொந்தக் கூரையை அடைக்கத் தெரியலைன்னா, வெளியில சொல்லிக்காதீங்கடா. அதுவும் அந்த ரூம்ல...”

அந்த ரூம் என் அண்ணன் கிலியனுடையது. பனியில் பைக் சறுக்கி அவன் போனதிலிருந்து அம்மா அவன் கட்டிலில்தான் இருக்கிறாள். சாப்பாடு அங்கே. தூக்கம் அங்கே. பேச்சு எங்கேயும் இல்லை.

ஜெர்மனியில், எங்கள் ஸ்வாபியா பக்கத்தில், கட்டடத்துக்குக் கட்டடம் வாரத்துக்கு ஒரு குடும்பம் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்க வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். காய்ச்சல், கல்யாணம் எதைச் சொல்லியும் தப்ப முடியாது. என்னைப் பெற்ற அன்றுகூட அம்மா பெருக்கி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளாம். இப்போது பலகை எங்கள் கதவில் சும்மா தொங்கியது. ஐசலே அம்மா அதைப் பற்றி வாயே திறக்காமல் எங்கள் பங்கையும் பெருக்கினார்.

அவர் வாய் திறக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவைச் சிரிக்கவைக்க நானும் பார்த்தேன். ஐசலே அம்மா மாதிரி பேசினேன். பாதிரியார் மாதிரி மூக்கால் பாடினேன். ரேடியோ ஆசாமி மாதிரி தொண்டையைச் செருமி, “மேற்கிலிருந்து மழை. குடையை மறந்தவர்கள் கடவுளை நினைத்துக்கொள்ளவும்” என்றேன். முன்பெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிலியன் குரலும் எனக்கு வரும். அதை மட்டும் செய்யவில்லை.

மழை பெய்தால் அந்த ஜன்னலோரம் ஒழுகும். பளபளவென்று அம்மா மெழுகி வைத்திருந்த மரத்தரையில் சொட்டுச் சொட்டாக விழும். அம்மா முனகிக்கொண்டே எழுந்து, துணியைத் தேடி எடுத்து, மண்டியிட்டுத் துடைப்பாள்.

இது தெரிந்ததும் ஐசலே அம்மா அப்பாவைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

“புள்ளையைப் பறிகொடுத்தவளை மண்டி போட்டுத் தொடைக்க வைக்கிறீங்களே ஒய்கன், மனுஷனா நீங்க?”

“இந்த வாரம் சரியாயிடும்.”

“போன வாரமும் இதே பாட்டுதான். என் தம்பி கூரை வேலைதானே பார்க்கறான், வரச் சொல்லவா?”

“வேணாம். நானே பார்த்துக்கறேன்.”

“கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு மேலே போய்விட்டார்.

ஐசலே அம்மா விடுகிற ஆளா? மறுநாள் அப்பா வேலைக்கு ஸ்டுட்கார்ட் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியதும் தம்பியைக் கூட்டி வந்துவிட்டார். அந்த மனிதர் ஜன்னலைச் சுற்றி ஓடுகளைக் கழற்றி, புதுசாக ஈயத் தகடு போட்டு, தட்டி மடக்கினார். “இனிமே நோவா காலத்து வெள்ளமே வந்தாலும் உள்ள நுழையாது” என்றார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அவர் குரலிலேயே அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல வேலை” என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஐசலே அம்மாவின் தம்பி சொன்னது சரிதான், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அம்மாவும் எழுந்திருக்கவில்லை. கொண்டுபோன சூப் கட்டிலோரத்திலேயே ஆறி ஆடை படிந்தது. பாத்ரூமுக்குக்கூட அப்பாதான் தாங்கிக் கூட்டிப்போனார். பாதிரியார் வந்து பேசினார். டாக்டர் வந்து பேசினார். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிமைப்பதும் குறைந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏதோ சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏணி வைத்து ஏறி, நனைந்து நடுங்கிக்கொண்டே, அப்பா கம்பியால் அந்தப் புதுத் தகட்டை நெம்பிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அதைப் பிடுங்காதீங்க. ஒழுகும்பா.”

“ஏணியைப் பிடிடா.”

“பைத்தியமாப்பா உங்களுக்கு? நல்லா இருக்கற கூரையை...”

“கத்தாதடா. இத்தனை நாளும் மேல ஏறி நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சே? தரையில தண்ணி விழுந்தா மட்டும்தாண்டா உங்கம்மா எழுந்திருக்கறா.”