நண்டு மூடிய வளை

மழை பெய்தால் வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் வயலில் வாழும் பிராணிகள் கூடி, வளை இல்லாதவர்களுக்கு மேட்டில் புது வளை கொடுப்பதென்று சட்டம் போட்டன.

வயிற்றுக்கடியில் குஞ்சுகளைச் சுமந்திருந்த நண்டு, சபையில் இருந்த தவளையிடம் போய், "தம்பி, எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டது.

"உனக்குத்தான் வளை இருக்கிறதே, அக்கா! இல்லாதவர்களுக்குத்தான் சட்டம்."

நண்டு யோசித்தது. போன மழையில் பாதிக் குஞ்சுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது அந்த வளையிலிருந்துதான். திரும்பிப் போய், வளையைச் சேற்றால் அடைத்து, மிதித்துச் சமன் செய்தது. பிறகு தவளையையும் கூட்டிக்கொண்டு, வளைகளைப் பங்கிடும் ஓணானிடம் வந்தது.

"உனக்கு எந்த வயல்?" என்று கேட்டது ஓணான்.

"இதே வயல்தான், ஐயா. பிறந்ததும் இந்த வரப்பில்தான்."

"அப்படியானால் உன் வளையைக் காட்டு."

"அதைத்தான் மூடிவிட்டு வந்தேனே!"

"இங்கே வளை இல்லாதவர் வெளியாள். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. மூன்றாம் விதி."

நண்டின் கண்கள் காம்போடு வெளியே வந்து நின்றன.

"அடப்பாவமே! இப்படியும் ஒரு விதியா?" என்று தவளை கத்தியது.

"நீயும் கை தூக்கித்தானே நிறைவேறியது?"

"முதல் விதி கேட்க நன்றாக இருந்தது, அண்ணே. அதோடு கையைத் தூக்கிவிட்டேன்."

வானம் இருட்டியது. நண்டு பழைய இடத்துக்கு ஓடி, மண்ணைக் கிளறத் தொடங்கியது.

"நிறுத்து!" என்றது பின்னாலேயே வந்த ஓணான். "வெளியாள் வரப்பைத் தோண்டுவது குற்றம். நான்காம் விதி."

முதல் துளி விழுந்தது. தோண்டத் தூக்கிய காலை இறக்காமல் நண்டு அப்படியே நின்றது. குஞ்சுகள் அதன் வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டன.