இருநூற்று நாற்பது யானைகள்

ஒரே ஒரு வரிதான். திலீபன் அதைத் தட்டிவிட்டு என்டரை அழுத்தினான். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அந்தப் பீங்கான் கம்பெனியின் டேட்டாபேஸில் இருநூற்று நாற்பது யானைக்குட்டிகள் அந்த நொடியே உடைந்து போயின.

நிஜ யானைக்குட்டிகள் என்னவோ கீழே குடோனில் சமத்தாக நின்றுகொண்டிருந்தன. நீலப் பளபளப்பு, தூக்கிய துதிக்கை, உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

திலீபனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜையில் யாரும் இல்லாததால் சிரித்தும் கொண்டான்.

எல்லாம் ‘சுலபம்’ செய்த வேலை. அது அவன் பைத்தானில் எழுதிய குட்டி லைப்ரரி. முன்பெல்லாம் டேட்டாபேஸில் ஒரு பொம்மையின் விவரத்தைத் திருத்த வேண்டுமென்றால், கதவைத் திற, கேள்வியைக் கேள், பதிலை வாங்கு, கதவைச் சாத்து என்று பதினைந்து வரி எழுத வேண்டும். சுலபம் அந்தத் தொல்லையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். ‘காட்டு’ என்றால் காட்டும். ‘மாற்று’ என்றால் மாற்றும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய குடோன் முத்தாயிகூட அரை மணி நேரத்தில் ‘காட்டு’ தட்டப் பழகிவிட்டாள்.

போன மாதம் சுலபம் காட்டியதைவிடக் குடோனில் பன்னிரண்டு ஜாடி கூடுதலாக இருந்தது. திலீபன் எல்லார் முன்னாலும் முத்தாயியைக் காய்ச்சி எடுத்துவிட்டான். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா. அதுல இருக்கறபடி குடோன வைங்க.”

முதலாளி ராஜமாணிக்கம் சுலபத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் அவன் தோளில் தட்டினார். தட்டியதோடு சரி. அன்றைக்குத்தான் திலீபன் மனதுக்குள் யானை புகுந்தது.

திட்டம் ரொம்பச் சின்னது. சூளையிலிருந்து வரும் சரக்கில் கொஞ்சம் உடைவது சகஜம். வெள்ளிக்கிழமைதோறும் திருமாலின் டெம்போ வந்து உடைசலைப் பள்ளம் ரொப்ப ஏற்றிப்போகும். குடோன் பெண்கள் மத்தியானம் சாப்பிடப் போகும்போது, முழு யானைகளைச் சாக்கில் கட்டி உடைசலோடு ஏற்றிவிட வேண்டியது. திருமால் கூட்டாளி. மங்கலம்பேட்டையில் பேன்சி ஸ்டோர்காரர் காத்திருக்கிறார். முத்தாயி சரிபார்ப்பது சனிக்கிழமை. அதற்குள் யானையும் இருக்காது, சந்தேகமும் இருக்காது.

அப்புறம் கறுப்பு புல்லட். பின்னால் கயல்விழி. பாலக்கரையில் ஒரு ரவுண்டு. மாட்டிக்கொண்டால் மட்டும் புல்லட்டும் இல்லை, வேலையும் இல்லை, தை மாதம் கழுத்தை நீட்டக் காத்திருக்கும் கயல்விழியும் இல்லை. ஆனால் யார் மாட்டப் போகிறார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவன் தரையில் கால் பாவாமல் திரிந்தான். மூன்று டீ குடித்தான். கீழேயிருந்து கலகலவென்று ஏதோ சத்தம் வந்துகொண்டே இருந்தது. பீங்கான் கம்பெனியில் சத்தத்துக்கு என்ன பஞ்சம்? அன்றைக்கு அதுகூட அவன் காதுக்குக் கல்யாண மேளமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது.

“சார், கொஞ்சம் குடோனுக்கு வந்துட்டுப் போங்க. யானை விசயம்.” முத்தாயிதான்.

திலீபன் படியிறங்கினான். வழக்கமாக இரண்டிரண்டாகத் தாவுகிறவன் அன்று ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினான்.

குடோன் கதவு சாத்தியிருந்தது. வாசலில் முத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் அட்டையை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னிக்கி சனிக்கெழமை இல்லியேக்கா” என்றான். குரல் கீச்சென்று வந்தது.

“நீங்க சொல்லிக்குடுத்தது அவ்ளோ சுலபமா இருக்குது சார். டெய்லி காலைல டீ குடிச்சிக்கிட்டே ஒருவாட்டி தட்டிப் பாத்துக்குவேன். இன்னிக்கிப் பாத்தா, எரநூத்தி நாப்பது யானை ஒடஞ்சிருக்குதுன்னு காட்டுது. உள்ள வந்து பாக்கறேன், எல்லாம் முழுசா நிக்குது.”

திலீபனின் புல்லட் ஸ்டார்ட் ஆகாமலே கண்ணிலிருந்து மறைந்தது. “மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவருகிட்ட எதுக்கு சார்? நமக்குள்ளயே முடிச்சிக்கலாம்னு வுட்டுட்டேன்.”

அப்படியா சேதி. திலீபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பங்கு கேட்கிறாள், அவ்வளவுதானே? முத்தாயிக்குள் இப்படி ஒரு கெட்டிக்காரி இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? போகட்டும், புல்லட்டின் பின்சக்கரத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஒங்களுக்கு என்ன செய்யணும்னு கூச்சப்படாம சொல்லுங்கக்கா.”

“எனக்கு ஒன்னும் வேணாம் சார். அன்னிக்கி ஜாடிக்காக நீங்க பேசின பேச்சுல, வூட்டுக்குப் போயி ஒருவாய் சோறு எறங்கல. இனிமே ஒங்க வாயால ஒரு சொல்லு வாங்கக்கூடாதுன்னுதான் ஒம்போது மணியிலேந்து மூணு பேரும் குந்தக்கூட இல்லாம பாடுபட்டோம். வந்து பாருங்க.”

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். தரையெங்கும் நீல நிறத்தில் துதிக்கைகளும் காதுகளும் வால்களும் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன.

“இப்ப கம்ப்யூட்டருல இருக்கறபடியே குடோன் இருக்குதுங்களா சார்?” என்று கேட்டபடி, அலமாரியில் மிச்சமிருந்த இருநூற்று நாற்பதாவது யானையையும் எடுத்துத் தரையில் போட்டாள் முத்தாயி.