ஒழுகும் பெட்டி

"உன் பெட்டிதான் ஒழுகுது, தோர்பென்! எங்கேயோ வெளிச்சம் உள்ள போகுது."

ஏழு மாத வயிற்றோடு குனிந்து, சிஸல் கறுப்பு டேப்பை இன்னொரு சுற்று சுற்றினாள். பெட்டிக்குள், கதிர்வீச்சு பட்டால் மினுக்கும் படிகம். அந்த மினுக்கைப் பிடிக்க ஒரு சென்சார். நோயாளிக்கு ஊசியில் ஏற்றும் கதிர் மருந்து உடம்பில் எங்கே தங்குகிறது என்று காட்டப்போகிற கருவி. துளி வெளிச்சம் புகுந்தாலும் பொய்க் கணக்குச் சொல்லும். இன்னும் அரை மணியில் ஆர்ஹஸ் நகரத்துப் பெரிய தலைகள் பார்க்க வருகிறார்கள். கவுன்ட்டரின் இந்தப் பொய்ப் படபடப்பு அடங்காவிட்டால் அவளுடைய மூன்று வருட உழைப்புக்கு மங்களம் பாடிவிடுவார்கள்.

"நான் செஞ்ச பெட்டி ஒழுகாது," என்றான் அவள் கணவன், ஆய்வக வாசலிலேயே நின்றபடி. கீழ்த்தளப் பட்டறையில் வேலை. பொய் சொல்ல வராத ஆள்.

"அங்க நின்னு வக்காலத்து வாங்காதே. நீ ரொட்டியும் மீனும் கொண்டுவந்து வெச்சப்பதான் கவுன்ட்டர் எகிறுச்சு. வந்து மூடியைப் பிடி."

"ஜலதோஷம். உனக்கும் ஒட்டிக்கும்."

"பல் டாக்டர்கிட்ட போய் ஜலதோஷம் வாங்கிட்டு வந்தியா? என்மேல என்ன கோபம் உனக்கு?"

வேண்டா வெறுப்பாக வந்து, கையை எட்ட நீட்டி மூடியைப் பிடித்தான். கவுன்ட்டர் சோளம் பொரிவது போல் படபடத்தது.

"பாத்தியா!" அவளுக்கு அழுகை முட்டியது. "சென்சாரைக் குளிர வெச்சாச்சு, ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. இன்னும் என்னதான் பண்றது?"

அவன் மறுபடி வாசலுக்கு நகர்ந்தான். படபடப்பு அடங்கியது.

சிஸல் நிமிர்ந்தாள். கதவைச் சாத்தச் சொல்லி, ஜன்னல் திரையை இறக்கி, விளக்கை அணைத்தாள். கும்மிருட்டு.

"இப்ப வா."

காலடி வந்தது. படபடப்பும் வந்தது.

"போ."

அடங்கியது.

"பெட்டி ஒழுகல. தோர்பென்... காலைல நீ பல் டாக்டர்கிட்ட போகல, இல்ல?"

கதவுப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"எலும்பு ஸ்கேன். கட்டி பரவியிருக்கான்னு பாக்க ஊசி போட்டாங்க. இன்னைக்கு மட்டும் பிள்ளைத்தாச்சி பக்கத்துல போகாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."