லேட்மார்க் வீட்டுத் தேனீக்கள்

“கொஞ்சம் குலுக்காம ஓட்டுப்பா. பிள்ளைத்தாய்ச்சி இருக்கா” என்றார் லேட்மார்க்.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. வியர்த்து வழியும் ஒரு பெரியவரும், அவர் மடியில் போர்வை சுற்றிய ஒரு மரப்பெட்டியும்தான் இருந்தார்கள். பெட்டி ‘ம்ம்ம்’ என்று முனகியது.

“என்ன சார் அது?”

“தேனீக் குடும்பம். ராணியம்மா ஓயாம முட்டை வெச்சுக்கிட்டே இருப்பாங்களாம். அதிர்ச்சியே ஆகாதாம்.”

வண்டி கிறீச்சிட்டு நின்றது. “இறங்குங்க சார்! ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கறதுக்கு எதுக்கு வண்டி? நடந்தே வந்திருக்கலாம்ல!”

“நடந்தா குலுங்கும்ப்பா” என்றபடியே அவர் இறங்கினார்.

ஆபீஸ் வருகைப் பதிவேட்டில், ஒரு நிமிடம் பிந்தி வந்தவரைக்கூட சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து வாங்கிய பெயர் லேட்மார்க். ஓய்வு பெற்ற பிறகு சுழிக்க ஆளில்லை. குக்கர் விசில் ஏன் தாமதம் என்று மனைவியிடம் விளக்கம் கேட்க ஆரம்பித்தார்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையாவது வளர்த்துத் தொலைங்க” என்றாள் அவள்.

வளர்த்தார். மீன்கள் மல்லாந்தன. தண்ணீரே கேட்காத கற்றாழை, அவர் ஊற்றிய தண்ணீரில் அழுகியது. கடைசியில் பல் டாக்டர், அவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வீட்டுத் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். வாய் திறந்திருந்ததால் லேட்மார்க்கால் மறுக்க முடியவில்லை.

“முதல் சில நாள் மட்டும் மூடியைத் திறந்து, உள்ள சர்க்கரைப் பாகு வைங்க. அப்புறம் அதுங்களே பிழைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தா போதும்” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கொய்யா மரத்தடியில் பெட்டியை வைத்தார். தரை துடைக்கும் கழியை நீட்டி, அதன் வாசலை அடைத்திருந்த துணியைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். மனைவி தோட்டத்திலேயே நின்றுவிட்ட விஷயம் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ஹெல்மெட், மழைக்கோட்டு, அதற்கு மேல் கொசுவலை சகிதம் பாகுத் தட்டோடு கிளம்பினார்.

“தோட்டத்துக்குப் போறீங்களா, நிலாவுக்குப் போறீங்களா?” என்றாள் அவள்.

அவர் மூடியைத் திறக்கவில்லை. தட்டை மூடியின் மேலேயே வைத்துவிட்டு வந்தார்.

“உள்ள வைக்கச் சொன்னாரே டாக்டர்?”

“அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கறது நாகரிகமில்ல” என்றார் லேட்மார்க். வீட்டுக்குள் வந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

ஆனால் தேனீக்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு தட்டே தெரியாத அளவுக்கு. ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடி லேட்மார்க் உருகிப் போனார்.

“பார்த்தியாடி! வெயில் ஏறினதும் டாண்ணு ட்யூட்டிக்கு வந்துடறாங்க. சாயங்காலமானா அத்தனை பேரும் அடங்கிடறாங்க. அப்புறம் பெட்டி மூச்சுகூட விடாது! இப்படி ஒரு ஸ்டாஃப் எனக்கு ஆபீசுல கிடைச்சதே இல்ல.”

சில நாள் என்றது பல மாதங்களாயிற்று. பாகு வைப்பதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை, மூடியைத் திறக்கத் துணிவும் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, காலையில் தன் வரவுக்காகக் காத்திருக்க யாரோ இருப்பது இதுதான் முதல் தடவை. சர்க்கரை டப்பா அடிக்கடி காலியானது. மனைவி சர்க்கரை இல்லாத காபி குடிக்கப் பழகிக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். “அப்பா, பேரனை வந்து பார்க்கவே மாட்டீங்களா?”

“எப்படிம்மா வர்றது? என்னை நம்பி இத்தனை ஜீவன் இருக்கே!”

“அவன் கல்யாணத்துக்காவது போய்ச் சேருவோமா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“முதல் தேன் அவனுக்குத்தான். எடுத்துக்கிட்டே கிளம்புவோம்” என்று லேட்மார்க் வாக்குக் கொடுத்தார். பேரனுக்கு மட்டுமா? பக்கத்து வீடு, எதிர் வீடு, தபால்காரர், அந்த டாக்ஸிக்காரர் வரை தேன் தருவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

தேன் எடுக்கும் நாளும் வந்தது. மதில் மேல் வரிசையாக அக்கம்பக்கத்துத் தலைகள். ஒவ்வொரு தலைக்குப் பக்கத்திலும் ஒரு காலி பாட்டில். மனைவி வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தைத் துடைத்து எடுத்து வந்தாள்.

பல் டாக்டர் கையுறைகூட இல்லாமல் வந்து நின்றார். தேனீக்கள் மொய்த்த தட்டை நோகாமல் தூக்கிக் கீழே வைத்தார்.

“ஜாக்கிரதை டாக்டர்! ரோஷக்காரக் குடும்பம்!” என்று கொசுவலைக்குள்ளிருந்து லேட்மார்க் கத்தினார்.

டாக்டர் மூடியைத் திறந்தார். குனிந்தார். கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு, தட்டிலிருந்து எழும்பி மதிலைத் தாண்டிப் பறக்கும் தேனீக்களையே கண்ணால் தொடர்ந்து, ரயில்வே கேட் இருக்கும் திசையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி டாக்டர் நம்ம பசங்க?” பெருமை தாங்காமல் லேட்மார்க் கேட்டார்.

டாக்டர் மூடியைத் திரும்பப் பெட்டி மேல் வைத்தார்.

“சார்… உள்ள யாருமே இல்ல. இதெல்லாம் எங்க வீட்டுப் பசங்க, சாப்பிட மட்டும் இங்க வர்றாங்க!”